முழங்கால் குருத்தெலும்பும் நம் விளையாட்டு இளைஞரும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் முழங்காலைப் பற்றி ஓர் உரையா எனச் சிலர் வியக்கக்கூடும். நம் பிள்ளைகள் மேலேறுவதற்கு நாம் கண்ட படிகள் இரண்டு. ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று ஆடுகளம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூராகிய மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் அவர்கள், 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றவர். அவரைப்போல் உலகறிய உயர்ந்தோர் சிலரே. ஆயினும் மாவட்ட அணியில் ஆடி, மாநில அணியில் ஆடி, அச்சான்றிதழைக் கொண்டு காவல் துறையிலோ இரயில்வேயிலோ பணியில் அமர்ந்து, ஒரு குடும்பத்தையே கரையேற்றிய இளைஞர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் படி உறுதியாய் நிற்பது முழங்கால் என்னும் ஒரு மூட்டின்மேல். அம்மூட்டு பழுதுபட்டால் பதக்கம் மட்டுமா போகிறது? வேலை போகிறது, சில வேளைகளில் கூலி வேலை செய்யும் ஆற்றலுங்கூடப் போகிறது. ஆகவேதான் இதனைப் பேச முன்வந்தோம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகின்றோம். அதற்கு உரியவர் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லாமல் சொல்லலாம் என்று இசைவும் தந்திருக்கிறார். அவர் நம் தெருவின் பாடிப்போகும் ஆட்டக்காரர். பத்தொன்பது வயதில் மாவட்டத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, எதிரணியினர் கணுக்காலைப் பிடிக்க, ஊன்றிய கால் அசையாமல் நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஓர் ஓசை. அன்றிரவு வலி, மறுநாள் வீக்கம். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்றார்கள் பெரியவர்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள்; மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். தேர்வு நாளன்று ஒருவர் அழைத்துச் சென்று வலி தெரியாதிருக்க ஊசி போட்டு வந்தார். அவர் ஆடினார், தேர்வும் பெற்றார். ஆனால் அடுத்த திங்களிலேயே மடித்த கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டது. ஈராண்டு கழித்துப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றபோது மருத்துவர் சொன்னது இது: “முதல் வாரங்களில் வந்திருந்தால் தைத்திருக்கலாம், இப்போது நைந்துவிட்டது, வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.” இன்று அவருக்கு முப்பத்து நான்கு வயது. மூட்டை தூக்கிப் பிழைக்கிறார்; மாலையில் மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுகிறார்.

இதில் யாரையும் குறை கூற நாம் வரவில்லை. நீவியவர் அன்பினால் நீவினார். ஊசி போட அழைத்துச் சென்றவர் தம்பி வெல்ல வேண்டுமென்றே அழைத்துச் சென்றார். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அதை நாம் இன்று தெரிந்துகொள்வோம்.

முழங்காலில் தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னே சில்லெலும்பு காக்கிறது. இவ்வெலும்புகளின் முனைகளில் இளநீரின் வழுக்கை போல் வெண்மையும் வழவழப்பும் உடைய ஒரு போர்வை உண்டு. சில மில்லிமீட்டர் கனமே உடைய அதனை இவ்வுரையில் ‘முனைக் குருத்து’ என்று குறிப்போம். இரண்டு எலும்புகளுக்கும் இடையே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக, பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உள்ளன. மருத்துவர்கள் ‘மெனிஸ்கஸ்’ என்பர். நாம் ‘பிறைக் குருத்து’ என்போம். எலும்பையும் எலும்பையும் கட்டி நிறுத்தும் நார்கள் வேறு. நம் ஊர்களில் இம்மூன்றையும் சேர்த்து ‘ஜவ்வு’ என்றே சொல்லிவிடுகிறோம். எது பழுதுபட்டது என்று அறியாமல் மருத்துவம் இல்லை. ஆகவே மருத்துவரிடம் சென்றால், ‘ஜவ்வு’ என்றால் நாரா, பிறைக் குருத்தா, முனைக் குருத்தா என்று கேட்டறிவது நம் உரிமை.

இப்போது தலையாய செய்திக்கு வருகின்றோம். தோல் கிழிந்தால் ஆறுகிறது; எலும்பு முறிந்தால் கூடுகிறது. ஏன்? அங்கே இரத்தம் பாய்கிறது. இரத்தம் கொண்டுவரும் பொருள்களால் உடல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்கிறது. முனைக் குருத்திலோ இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கால்வாய் பாயாத மேட்டு நிலம் அது. மூட்டுக்குள் ஊறும் நீரே அதற்கு உணவு. நடக்கும்போது அழுந்தியும் தளர்ந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அவ்வுணவை ஏற்கிறது. ஆகவே ஒருமுறை பெயர்ந்தால் தானாக முன்போல் முளைப்பதில்லை. 1743ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர், அழிந்த குருத்து மீள்வதில்லை என்று எழுதி வைத்தார். பிறைக் குருத்திலோ வெளி விளிம்பில் மட்டும் இரத்த ஓட்டம் உண்டு. உள் விளிம்பில் இல்லை. விளிம்போரக் கிழிசலைத் தைத்தால் ஒட்டும் வாய்ப்பு மிகுதி. உட்பக்கக் கிழிசல் ஒட்டுவது அரிது. நரம்பில்லாத இடமாதலின் தொடக்கத்தில் வலி குறைவாகவும் இருக்கலாம். வலி போய்விட்டது என்பதால் காயம் போய்விட்டது என்று எண்ணுவதே நாம் செய்யும் முதல் தவறு.

காயம் பட்ட அன்று செய்ய வேண்டியவை எளியவை. ஆட்டத்தை அங்கேயே நிறுத்துக. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுக்க. நாளைக்குப் பலமுறை செய்க. நெகிழ்துணியால் இறுக்கமின்றிச் சுற்றுக. காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்க. முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டா. எண்ணெய் நீவலும் வேண்டா. அவை உள்ளே கசிவையும் வீக்கத்தையும் மிகுவிக்கும். கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிடினும், ஓரிரு மணி நேரத்திலேயே மூட்டு பெருத்துவிடினும், ஊன்ற முடியாவிடினும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்க. விரைந்து வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததன் அடையாளம். நார் அறுந்திருக்கலாம், எலும்போடு குருத்துத் துண்டு பெயர்ந்திருக்கலாம்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பர். அது எலும்பைக் காட்டும், குருத்தைக் காட்டாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லைக் கேட்டு மறுவாரமே களத்தில் இறங்கியவர் எத்தனை பேர்! எலும்பில் ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். தேர்ந்த மருத்துவர் கையாலேயே காலை மடக்கித் திருப்பிப் பெரிதும் கண்டுகொள்வார். ஐயம் இருப்பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதில்தான் குருத்து தெரியும்.

இனி, மருத்துவ முறைகள். எல்லாக் கிழிசலுக்கும் கத்தி தேவையில்லை. பூட்டிக்கொள்ளாத சிறு கிழிசல்கள் ஓய்வாலும் பயிற்சியாலும் தொல்லை தராத நிலைக்கு வந்துவிடுவதுண்டு. நடுவயதினர்க்குத் தேய்மானத்தால் வரும் கிழிசலைப் பற்றி ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு சாராருக்குக் கிழிந்த பகுதியை வெட்டினர். மறு சாராருக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்தனர். ஓராண்டுக்குப் பின் இரு சாராரும் ஒப்ப நலமாகவே இருந்தனர். ஆதலின் நம் வீட்டுப் பெரியவர்கள் மூட்டுவலிக்கு அறுவை என்றவுடன் அஞ்சவும் வேண்டா. உடனே இசையவும் வேண்டா. ஆனால் இளைஞர்க்கு ஆட்டத்தில் திடீரென நேரும் பெருங்கிழிசல் வேறு; அதனை இதனோடு குழப்பலாகாது.

பிறைக் குருத்தைப் பற்றி மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தவறாக எண்ணியிருந்தது. அது பயனற்ற எச்சம் என்று கருதி, கிழிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவது பல்லாண்டு வழக்கமாய் இருந்தது. எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் 1883ஆம் ஆண்டிலேயே அதைத் தைத்துக் காட்டினார். ஆயினும் அவ்வழியில் சென்றோர் சிலரே. 1948இல் ஃபேர்பேங்க் என்னும் ஆங்கில மருத்துவர், பிறைக் குருத்து எடுக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரேக்களில் எலும்பு மாறிவருவதை எடுத்துக்காட்டினார். மெத்தை போனபின் எலும்பின்மேல் பாரம் நேரே இறங்குகிறது. முனைக் குருத்து தேய்கிறது. சப்பானில் மசாக்கி வத்தனாபே 1962இல், சிறு துளை வழியே குழாய்க் கருவியைச் செலுத்திக் கிழிந்த பகுதியை மட்டும் அகற்றினார். இன்று நம் நாட்டிலும் பெரும்பாலும் அத்துளைவழி அறுவையே நடைபெறுகிறது.

ஆகவே வீரரின் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. கிழிந்த பகுதியை வெட்டி எடுப்பது ஒன்று. சில வாரங்களில் ஆட வந்துவிடலாம். தைப்பது மற்றொன்று, ஆட வரப் பொதுவாக ஆறு திங்கள் அளவில் ஆகும். முந்தியது இன்றைக்கு எளிது. பிந்தியது நாளைக்கு நல்லது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டுவைன் வேட் 2002இல் கல்லூரி மாணவராக இருந்தபோது பிறைக் குருத்தை அகற்றிக்கொண்டார். மும்முறை வாகை சூடிய அணியில் ஆடினார். ஆயினும் பின்னாளில் தம் முழங்கால் தொல்லைகளுக்கு அந்த அறுவையையே காரணமாகச் சொன்னார். அந்நாட்டின் மற்றொரு வீரர் டெரிக் ரோஸ், 2013 நவம்பரில் கிழிந்ததைத் தைத்துக்கொண்டு அப்பருவம் முழுவதும் ஆடாதிருந்தார். ஆனால் 2015 பிப்ரவரியில் அது மீண்டும் கிழிய, அப்போது சேதமுற்ற பகுதியை அகற்ற நேர்ந்தது. தையல் எப்போதும் வெல்லும் என்று நாம் சொல்லவில்லை. தைக்கக்கூடியது எனின் தைக்க முயல்வதே இளைஞர்க்கு ஏற்றது என்பதே இன்று வல்லுநர் பலரும் கொள்ளும் கருத்து. ‘ஐயா, இதைத் தைக்க முடியுமா?’ என்ற ஒரு கேள்வியை ஒவ்வோர் இளைஞனும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். காலம் தாழ்த்தத் தாழ்த்த அக்கேள்விக்கு ‘முடியும்’ என்ற விடை அரிதாகிறது.

முனைக் குருத்து பெயர்ந்தால் என் செய்வது? இங்கும் சில வழிகள் பிறந்துள்ளன. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் வகுத்த முறையில், பெயர்ந்த இடத்து எலும்பில் நுண்துளைகள் இடுவர். மச்சையிலிருந்து கசியும் இரத்தம் உறைந்து புதிய திசு வளரும். ஆனால் அது முன்போன்ற வழவழப்பான குருத்தன்று. நார் மிகுந்த, உறுதி குறைந்த ஒட்டு. சிறிய புண்ணுக்கு ஏற்றது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரக்கூடும். ஹங்கேரியில் லாஸ்லோ ஹங்கோடி 1990களில் பரப்பிய முறையில், பாரம் குறைந்த இடத்திலிருந்து எலும்போடு குருத்தைச் சிறு முளைகளாக எடுத்துப் புண்ணில் பதிப்பர். சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கப்பட்டு 1994இல் வெளியிடப்பட்ட முறையில், வீரரின் குருத்திலிருந்தே செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் வைப்பர். இது பெரிய புண்களுக்கும் உதவும். ஆனால் இரண்டு முறை அறுவை, பெருஞ்செலவு, ஓராண்டளவு காத்திருப்பு ஆகியவற்றைக் கேட்கும். எம்முறை யாருக்கு என்பதைப் புண்ணின் அளவும், வயதும், கால் வளைவும், நார்களின் நிலையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசிகளைப் பற்றி ஒரு சொல். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரம் தணிக்கும், குருத்தைக் குணப்படுத்தாது. மூட்டுத் தேய்மானம் உடையோர்க்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை இரண்டாண்டு போட்டுப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. உப்புநீர் ஊசி போட்டவரைவிட ஸ்டீராய்டு போட்டவர்க்கே குருத்து மிகுதியாகக் குறைந்தது, வலியிலும் வேறுபாடில்லை. தன் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசியும் இன்று பரவலாக விளம்பரப்படுத்தப்படுகிறது. இழந்த குருத்தை அது முளைக்கச் செய்யும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கடன் வாங்கி அதற்குச் செலவிடுமுன் இருமுறை எண்ணுக. போட்டிக்காக வலியை மரக்கச் செய்யும் ஊசியோ, காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு முறைகளைச் சொன்னோம். இவற்றுள் எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிடினும், எல்லார்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. அதுவே பயிற்சி மருத்துவம். முழங்காலில் அடிபட்ட சில நாளிலேயே தொடையின் முன் தசை மெலியத் தொடங்குகிறது. தசை மெலிந்தால் அதிர்ச்சி முழுவதும் குருத்தின்மேல் விழுகிறது. காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலின்கீழ் வைத்து, அதனைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துக. மல்லாந்து படுத்து, நீட்டிய காலை ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி இறக்குக. இவை தொடக்கம். இவற்றுக்குச் செலவு ஒரு துண்டும் ஒரு பாயுமே. எந்நாளில் எப்பயிற்சி என்பதை அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் கற்பிப்பார்; அவர் சொன்ன வரிசையை மாற்றலாகாது. குருத்தில் நுண்துளை இட்டவர் ஏறத்தாழ ஆறு வாரம் ஊன்றுகோலோடு நடக்க நேரும். தைத்தவர் சில திங்கள் குந்தி உட்காரலாகாது; சம்மணமிடலாகாது. நம் வீடுகளில் தரையில் அமர்ந்தே உண்கிறோம். கழிப்பறையும் குந்தும் வகையே. ஆதலின் நடுவில் துளையிட்ட ஒரு நாற்காலி வீட்டுக்கு முன்னதாகவே வந்து சேர வேண்டும். கேட்பதற்குச் சிறிய செய்தி. தையல் நிற்பதும் பிரிவதும் அதில் அடங்கியிருக்கிறது.

களத்துக்கு எப்போது திரும்புவது? நாட்காட்டி மட்டும் சொல்லாது. கால் சொல்ல வேண்டும். வீக்கம் இல்லை, முழுதும் மடங்குகிறது, முழுதும் நீள்கிறது, அடிபட்ட காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டிவிட்டது, ஒற்றைக்காலில் தாவி நிற்க முடிகிறது என்ற இவை நிறைந்த பின்னரே ஓட்டம். ஓட்டத்திற்குப் பின் திருப்பம். திருப்பத்திற்குப் பின்னரே பிடி. உயர்ந்த வீரர்க்கும் இதில் விலக்கில்லை. இலண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற சாய்னா நேவால் 2016இல் முழங்கால் அறுவை செய்துகொண்டு, 2018இல் காமன்வெல்த் தங்கம் வென்றார். 2024இலோ, தம் குருத்து கெட்டு மூட்டு வாதம் வந்துவிட்டதை வெளிப்படையாகக் கூறினார். மீள முடியும் என்பதும் உண்மை. குருத்து வரம்புடைய பொருள் என்பதும் உண்மை.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நம் தெருவின் தங்கை ஒருத்தி கால்பந்தாட்டத்தில் அடிபட்டபோது, பத்தாம் நாளிலேயே மருத்துவமனைக்குச் சென்றாள்; பிறைக் குருத்து தைக்கப்பட்டது; எட்டுத் திங்களுக்குப் பின் மீண்டும் ஆடினாள். நம் முதல் தம்பிக்கும் இவளுக்கும் உடலில் வேறுபாடு இல்லை. இவளுக்கு ஸ்கேன் செலவுக்கு நான்கு குடும்பங்கள் சேர்ந்து பணம் தந்தன. பேருந்தில் உடன் செல்ல ஆள் இருந்தது. வேலைக்குப் போகவில்லையே என்று வீட்டில் ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு இவை இல்லை. அவ்வளவே. பொறுமையாய் இரு என்று சொல்வது எளிது. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் ஆறு திங்கள் பொறுமைக்கும் அரிசி வேண்டும்.

ஆதலின், இவ்வெள்ளி விழாவின் நினைவாக ஒரு சிறு காயநிதியை ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். ஸ்கேனுக்கும், ஊன்றுகோலுக்கும், துளையிட்ட நாற்காலிக்கும், வாரந்தோறும் பயிற்சிக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்துக்கும் அது போதுமானதாய் இருக்கட்டும். அரசின் காப்பீட்டுத் திட்ட அட்டையை ஒவ்வொரு வீடும் காயம் வருமுன்னரே பெற்று வைக்கட்டும். அறுவைக்கு முன் அது எதற்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுத் தெளியட்டும். படித்த இளைஞர் இருவர், அடிபட்டவரோடு மருத்துவமனைக்குச் சென்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொன்னதை எழுதி வருவதைத் தம் கடமையாக ஏற்கட்டும். கல்வி பெற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

தம்பிமார்களே, தங்கைமார்களே! அணிக்காக வலியைப் பொறுத்து ஆடுவதை வீரம் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். இனி, காயம்பட்ட தோழனைக் களத்திலிருந்து கைத்தாங்கலாய் வெளியே அழைத்து வருவதையும், அவன் இடத்தை அவன் வரும்வரை காத்திருப்பதையும் வீரம் என்று கொள்வோம். முப்பத்து நான்கு வயதில் படிக்கட்டின் கைப்பிடியைத் தேடும் நம் அண்ணன், ‘என் கதையைச் சொல்லுங்கள்’ என்று இசைவு தந்தது அதற்காகவே.